உன் டிராக்டரின் வாயை மூடுவது தொடர்பாக

அன்புள்ள மைத்துனனுக்கு, உன் அத்தான் எழுதிக்கொண்டது.

இங்கு நானும் உன் டிராக்டரின் நான்கு சக்கரங்களும் நலம். உன் அக்கா நலமா என்று அவளிடமே கேட்டு எழுதலாம் என்றால், அவள் என்னிடம் பேசிப் பதினொரு நாட்கள் ஆகின்றன. அங்கு நீயும் உன் மனைவியும் உன் புது வேலையும் சௌக்கியம் என்று நம்புகிறேன். சௌக்கியத்துக்கு உனக்கென்ன குறை? டிராக்டர்தான் இங்கே இருக்கிறதே.

"மூணே மாசம் அத்தான். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லி, நாங்கள் துணி காயப்போடும் இடத்தில் அதைக் கொண்டுவந்து நிறுத்தி, பின்னால் ஒரு டிரெய்லரையும் சீதனமாகச் சேர்த்து வைத்துவிட்டு நீ போனாய். நான் ஓய்வு பெற்றவன், எனக்குப் பொழுது போகவில்லை என்று உனக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. யார் சொல்லியிருந்தாலும் அவர்கள் நன்றாக இருக்கட்டும். இப்போது எனக்குப் பொழுது போதவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் கதையைச் சின்ன வயதில் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அந்த ஓணானுக்காவது ஹைட்ராலிக் கிடையாது.

போகிற அவசரத்தில் நீ சொன்னது ஒன்றே ஒன்றுதான். "வேற ஒண்ணுமே பாக்க வேணாம் அத்தான். பின்னாடி இருக்கற வாய்க்கு மட்டும் மூடி போட்டு வைங்க. தூசி, மழை உள்ள போகக் கூடாது. எல்லாம் எழுதியே வச்சிருக்கேன்." டீசல் ரசீதின் பின்புறம் நீ எழுதியிருந்த சீட்டை என் கையில் திணித்தாய். மூடி எங்கே என்று கேட்டேன். "இங்கதான் எங்கயாச்சும் கெடக்கும்" என்றாய். யானை வாங்கியவன் அங்குசத்தைத் தொலைத்தால் இப்படித்தான் சொல்வான் போலிருக்கிறது. நானும் 'இங்கதான் எங்கயாச்சும்' என்ற அந்த முகவரியில் இரண்டு நாள் தேடினேன். டிராக்டர் இருக்கைக்கு அடியில் எலி கடித்த சிவப்புப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று கிடைத்தது. அது மூடியாக இருந்திருக்கலாம். குழந்தை விளையாட்டுச் சாமானாகவும் இருந்திருக்கலாம். எலிக்குத்தான் வெளிச்சம்.

இனி உன் சீட்டுக்கு வருகிறேன். எல்லா வினையும் அதில்தான் ஆரம்பம். நான் அச்சகத்தில் முப்பத்து நான்கு வருடம் பிழை திருத்தியவன் என்பது உனக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகையிலிருந்து கணிதப் புத்தகம்வரை என் சிவப்பு மையைத் தாண்டாமல் இந்த ஊரில் எதுவும் வெளியே போனதில்லை. அப்படிப்பட்டவன் கையில், "பெண் கப்ளர் வாயை மூடி வெக்கனும், ஆண் கப்ளர் தரைல கெடக்க கூடாது, ஆண் கப்ளர மேல கொக்கில மாட்டனும், கப்ளர் தினம் தொடச்சா ரெண்டும் ரொம்ப நாள் உழைக்கும்" என்று எழுதிக் கொடுத்தால் அது கடிதமா, கொலை மிரட்டலா? எனக்கு மறதி அதிகம் என்பதால், தினமும் கண்ணில் படுகிற இடத்தில் இதை ஒட்டிவைக்கலாம் என்று நினைத்தேன். இருக்கிறபடியே ஒட்டினால் பார்க்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? ஆகவே செம்மைப்படுத்தினேன். பெரிய மாற்றம் எதுவும் இல்லை. 'கப்ளர்', அதாவது டிரெய்லரைத் தூக்குகிற எண்ணெய்க் குழாயின் இணைப்பு, என்ற சொல் ஒரே சீட்டில் நான்கு தடவை வந்திருந்தது. கூறியது கூறல் குற்றம் என்று சின்ன வகுப்பிலேயே சொல்லித் தந்திருப்பார்கள், நீ அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. அதை நான்கு இடத்திலும் எடுத்துவிட்டேன். ஆண், பெண் இரண்டும் உயர்திணைச் சொற்கள். அவற்றுக்கு 'உழைக்கும்' என்று அஃறிணை முடிவு கொடுத்திருந்தாய். 'உழைப்பர்' என்று திருத்தினேன். கொக்கி, கிக்கி போன்ற கொச்சைகளை நீக்கினேன். முடிவில் முத்து முத்தாக, தலைப்பு எழுத்து அளவில், இப்படி வந்தது:

"பெண் வாயை எப்போதும் மூடி வைக்க வேண்டும். ஆணைத் தரையில் விடலாகாது. உயர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். நாள்தோறும் துடைத்துப் பராமரித்தால் இருவரும் நெடுங்காலம் உழைப்பர்."

இதைச் சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டு, ஒரு பிழைகூட இல்லாத வாசகத்தைத் தந்த மன நிறைவோடு நூலகத்துக்குப் போனேன். அன்றைக்கென்று உன் அக்கா, தன்னோடு வேலை பார்த்த இரண்டு பெண்களைத் தேநீருக்கு அழைத்து வந்திருக்கிறாள். ஒருத்தி முன்னாள் டிக்கெட் பரிசோதகர். எதையும் இரண்டு தடவை படிக்காமல் விடாதவள். பால் எடுக்கக் கதவைத் திறக்கப் போன உன் அக்காவை நிறுத்தி, "அடியே, இரு இரு. உன் வீட்டுக்காரர் சட்டம் போட்டிருக்கார் பாரு" என்று உரக்க வாசித்திருக்கிறாள். இன்னொருத்தி, "உயர்ந்த இடம்னா எங்கடி? பரண்லயா?" என்று கேட்டாளாம். நான் வாசலுக்கு வந்தபோது உள்ளே ஒரே சிரிப்பு. நான் உள்ளே நுழைந்ததும் சிரிப்பு நின்றது. தோழிகள் இருவரும் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, என்னைத் தரையில் விடக்கூடாது என்பதற்காகவோ என்னவோ, ஒரு நாற்காலியைத் தூக்கி என் முன்னால் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். உன் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தொடக்கம். இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை.

உன் அக்கா பேசாமல் இருப்பதென்றால் என்னவென்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. முப்பது வருடம் பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவள். இந்த ஊரில் யார் எந்தப் பேருந்தில் ஏற வேண்டும், எது எத்தனை நிமிடம் தாமதம், யாருடைய பை எந்த இருக்கையில் கிடக்கிறது எல்லாம் அவள் வாயால் கேட்டுத்தான் ஊருக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு ஒலிபெருக்கியை மட்டும்தான் திருப்பிக் கொடுத்தாள். நான் நூலகத்திலிருந்து திரும்பும்போது தெரு முனையிலேயே, "வந்தாச்சா? செருப்பை வெளிய விடுங்க, சோறு பத்து நிமிஷம் தாமதம்" என்று கேட்கும். அந்தக் குரல்தான் நின்றுபோயிற்று. அதுவும் எனக்கு மட்டும். பால்காரரிடம் பேசுகிறாள். பக்கத்து வீட்டுப் பூனையிடம் பேசுகிறாள், பூனையும் பதில் சொல்கிறது. தொலைபேசியில் நம் பெரியக்காவிடம் ஒரு மணி நேரம் பேசுகிறாள். நான் அறைக்குள் போனால் ஒலிபரப்பு நிறுத்தம். செய்தித்தாளை உரக்கப் படித்துப் பார்த்தேன். வேண்டுமென்றே இரண்டு செய்திகளைத் தப்பாகப் படித்தேன். மறுத்துப் பேச ஆளில்லை. பேசிப் பேசிக் கொல்கிறாள் என்று முன்னொரு காலத்தில் உன்னிடம் குறைப்பட்டது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். அப்போது எனக்கு விவரம் போதாது.

சும்மா இருக்கவில்லை நான். அன்றே விளக்கம் சொல்லப் பார்த்தேன். "அது உன்னைச் சொன்னதில்லம்மா. பின்னாடி நிக்கற பொண்ணைச் சொன்னது" என்றேன். அவள் மெதுவாகத் திரும்பிக் கொல்லைப்புறம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருளை அகராதியில் தேட வேண்டியதில்லை. வாயைத் திறந்து கெட்டது போதும் என்று நானும் விட்டுவிட்டேன். நுணல் கெடுவது தன் வாயால்தான். ஆனால் அந்த நுணலுக்கு நீ எழுதிக் கொடுத்த மாதிரி வேறு யாரும் சீட்டு எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

சரி, மூடியையாவது வாங்கிப் போட்டுவிடுவோம், கண்ணால் கண்டால் நம்புவாள் என்று உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்ன வேண்டும் என்றார். மூடி என்றேன். எதற்கு என்றார். பெண்ணுக்கு என்றேன். அங்கே நின்ற நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் மட்டும் அசரவில்லை. "பொண்ணுக்கு மூடி கெடையாது சார். ஆணுக்குத்தான் மூடி. பொண்ணுக்கு அடைப்பான். உள்ள சொருகி அடைக்கறது. சைஸ் என்ன, அரை இஞ்சா, முக்காலா?" ஒரு வாய் அளவு என்றேன். "யாரு வாய் சார்?" என்றார். அளவு தெரியாவிட்டால் வாயைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார். எதைக் கழற்றுவது, எப்படிக் கழற்றுவது என்று கேட்டதற்கு, முதலில் எந்தப் பக்கம் டிராக்டரின் பின்பக்கம் என்று தெரிந்துகொண்டு வரச் சொன்னார். கடைசியில் இருப்பு வேறு இல்லையாம், அடுத்த வாரம் வருமாம். ஆக, மூடி என்று நீ எழுதியதே தவறு. கலைச்சொல்லில்கூட உனக்குக் கவனமில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த வாசகத்தில் 'மூடி' என்பதை அடித்துவிட்டு, சிவப்பு மையில் 'அடைத்து' என்று திருத்தினேன். பெண் வாயை எப்போதும் அடைத்து வைக்க வேண்டும். தகவல் துல்லியமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கமில்லை. அன்று மாலையிலிருந்து அவள் பெரியக்காவிடம் பேசுவதையும் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம்வரை நான்கு பெண் வாயும் இரண்டு ஆண் நுனியும் திறந்தபடி இருக்கலாமா? வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. வீட்டில் எத்தனை மூடி இருக்கிறது என்று அப்போதுதான் முதன்முதலாகக் கவனித்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப்போய் வைத்துப் பார்த்தேன். ஷாம்பூ மூடி சிறிது. சர்க்கரை டப்பா மூடி பெரிது, துணி வைத்துக் கட்டினால் நிற்கும். இருமல் மருந்து ஊற்றிக் குடிக்கிற குட்டிக் கிண்ணம் ஓர் ஆணுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. என் இருமல்தான் நிற்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது வாய்களுக்கு எதுவும் ஒத்துவராததால் மெழுகுவர்த்தித் துண்டுகளைச் செருகினேன். மறுநாள் அடித்த வெயிலில் அவை உருகி உள்ளே போய்விட்டன. அவற்றின் மேல் என் பழைய காலுறை ஜோடியை மாட்டி ரப்பர் வளையம் போட்டேன். மழை வந்தது. காலுறை மூன்று நாள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக உள்ளே பரிமாறியது. காலுறைக்கு மேல் பிளாஸ்டிக் பை கட்டினேன். வெயில் வந்தது. பைக்குள் ஆவி பறந்தது, துருப் பிடித்தது. துருவுக்கு என்ன மருந்து, கிரீஸ். கையளவு அள்ளி அப்பினேன். தெருவில் போன தூசியெல்லாம், இடம் கிடைத்த பயணிகள் மாதிரி, அதில் வந்து உட்கார்ந்துகொண்டது. இதற்கிடையில் மூடி இழந்த சர்க்கரை டப்பாவுக்கு எறும்புகள் வந்தன. பிறகு அவை மூடியையும் தேடிக்கொண்டு கொல்லைப்புறம் வந்துவிட்டன. எறும்புகளிடம் இருக்கும் விடாமுயற்சி என்னிடம் இருந்திருந்தால் நான் அச்சகத்துக்கே முதலாளி ஆகியிருப்பேன். நான்காவது வாயை மட்டும் ஒன்றும் செய்யாமல் விட்டுவைத்திருந்தேன். அதைக் குளவி ஒன்று பார்த்துவிட்டு, மண் குழைத்துக் கொண்டுவந்து, வழவழவென்று கூடு கட்டி அடைத்துவிட்டது. உண்மையைச் சொல்வதென்றால், எங்கள் அத்தனை பேரிலும் ஒழுங்காக மூடி போட்டது அந்தக் குளவி ஒன்றுதான்.

இப்படியே போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆனால் நீ சும்மா போகவில்லையே! நாற்றுப் பண்ணைக்காரருக்கு வெள்ளிக்கிழமை ஒரு டிரெய்லர் எரு கொண்டு போடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். வெள்ளிக்கிழமை காலை உன் டிரைவர், 'ஸ்டார்ட்டிங்' என்று நீங்கள் கூப்பிடுகிற அந்த மகான், வந்து நின்றார். அவர் வருவதற்கு முன்பே குழாயை மாட்டி வைப்போம் என்று நான் போராடிக்கொண்டிருந்தேன். டிரெய்லர் குழாயின் நுனி, அதாவது ஆண், தரையில்தான் கிடந்தது. வாசகத்தை நான் ஒட்டினேனே தவிர ஆணை உயர்ந்த இடத்தில் வைக்கச் சமயம் கிடைக்கவில்லை. சேற்றில் ஊறி வெயிலில் காய்ந்திருந்தது. மாட்டினால் உள்ளே போக மறுத்தது. சுத்தியலால் இரண்டு போட்டேன். அப்போதுதான் மகான் வந்தார். "ஐயோ, அடிக்காதீங்க சார்! வெயில்ல கெடந்ததுல உள்ள பிரஷர் ஏறி நிக்குது. முனையை ஒரு துணியில சுத்திப் பிடிச்சு மெதுவா அமுக்குங்க, எண்ணெய் கொஞ்சம் கக்கும், எறங்கிடும்." மெதுவாக என்பதைத் தவிர மற்ற அனைத்தையும் செய்தேன். துணி என்று அவர் சொன்னது கந்தலை. நான் கைக்கு அகப்பட்டதை எடுத்தேன். அது கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பு. பீய்ச்சிய எண்ணெயில் விரிப்புக்குத் தப்பியது பக்கத்தில் காய்ந்த இரண்டு தலையணை உறைகளிலும் என் மூக்குக் கண்ணாடியிலும் போய் விழுந்தது. இரண்டு வாயில் இருந்த காலுறையையும் பையையும் பிடுங்கி எறிந்துவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், "போயிடும் சார், போயிடும்" என்று மகான் குழாயைச் சொருகினார். போகவும் போயிற்று. அதுதான் தப்பு.

எரு ஏற்றிக்கொண்டு அவர் பண்ணைக்கு நேரே போயிருக்கலாம். நம் வாசலில் நிறுத்தி, "அங்க போய் மானம் போறதுக்கு, இங்கயே ஒரு தடவ தூக்கிப் பாத்துடலாம் சார்" என்றார். தூக்கினார். டிரெய்லர் பாதி உயரம் எழுந்தது. அங்கேயே நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. லீவரை முன்னே தள்ளினார், பின்னே இழுத்தார், கெட்ட வார்த்தையில் நான்கு சொன்னார். அதில் ஒன்று எனக்கே புதிது. தலைக்கு மேலே மின்கம்பி போவதால் அந்தக் கோலத்தில் வண்டியை நகர்த்தவும் முடியாது. பின்கதவின் இடுக்கு வழியாக எரு பொலபொலவென்று நம் வாசற்படியில் விழுந்தது. இரண்டு நாள், தம்பி, இரண்டு முழு நாள், நம் வீட்டு வாசலில் ஒரு டிரெய்லர் எரு தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. தெருவில் போகிறவர்கள் என்னிடம் நலம் விசாரித்தார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு. பண்ணைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "அவரோட வாக்கை நம்பி நாத்துக்குக் குழி வெட்டி வச்சிருக்கேன். என் வாயில மண்ணு" என்றார். எல்லார் வாயும்தான் அடிபடுகிறது இந்த விஷயத்தில். உன் அக்கா சமையலறை ஜன்னலைச் சாத்தினாள். சாத்துவதற்கு முன்னால் என்னை ஒரு தடவை பார்த்தாள். ஏதாவது சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது. சொல்லவில்லை.

மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமை வந்தார். டிரெய்லர் இறங்காமல் இருக்க முதலில் தடிக்கட்டை கொடுத்து நிறுத்திவிட்டு, குழாய்களைக் கழற்றி, வாய்களைப் பிரித்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துச் செய்தித்தாளில் வைத்தார். காலுறை நூல். மெழுகு. துரு. கிரீஸில் பதப்படுத்தப்பட்ட எறும்புகள். குளவிக் கூட்டில் பாதி. "எங்க சர்வீசுல மண்ணு பாத்திருக்கேன், தண்ணி பாத்திருக்கேன். மளிகைச் சாமான் இப்பதான் பாக்கறேன்" என்றார். வாய்க்குள் இருக்கிற சின்ன அடைப்புக் குண்டு இந்த அழுக்கில் சிக்கித் திறக்காமல் நின்றுவிட்டதாம், எண்ணெய் போகவும் வழியில்லை, வரவும் வழியில்லை, அதனால்தான் பாதியில் நின்றதாம். இது எண்ணெய்த் தொட்டிவரை போயிருந்தால் பம்பு, வால்வு எல்லாம் தேய்ந்து டிராக்டரே படுத்திருக்குமாம். அப்போது உன் அக்கா வெளியே வந்தாள். "இவ்வளவையும் யாரும்மா உள்ள வச்சது?" என்று அவளைக் கேட்டார். அவள் கையை நீட்டி என்னைக் காட்டினாள். மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு, "பொண்ணு வாயை ஒழுங்கா மூடாம வுட்டா இதான் கதிம்மா" என்றார். எனக்கு உயிர் வந்தது. சாட்சி கிடைத்துவிட்டது! மூன்றாம் மனிதர், தொழில் தெரிந்தவர், என் மனைவியின் முகத்துக்கு நேரே என் வாசகத்தையே சொல்லிவிட்டார். "கேட்டியா? கேட்டியா?" என்று நான் குதித்தேன். அவள் மெக்கானிக்கிடம், "ஆமாங்க, மூடித்தான் வைக்கணும்" என்றாள். இரண்டு டம்ளரில் தேநீர் கொண்டுவந்தாள். ஒன்று மெக்கானிக்குக்கு, ஒன்று ஸ்டார்ட்டிங்குக்கு. உள்ளே போய்விட்டாள்.

எரு பண்ணைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வாசற்படியைக் கழுவிவிட்டேன். வாசனை மட்டும் இன்னும் குடியிருக்கிறது. ஆனால் வீடு வீடாக இல்லை. சுவர்க் கடிகாரத்துக்கு இத்தனை சத்தம் உண்டென்று எனக்கு இதுவரை தெரியாது. கிண்டலை விட்டுச் சொல்கிறேன்: எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் இப்படியே இருந்துவிட்டால் மிச்ச நாளை நான் எப்படிக் கழிப்பேன் என்று தெரியவில்லை. மெக்கானிக் சொல்லியும் நம்பவில்லை என்றால், சீட்டை எழுதின நீயே வந்து சொன்னால்தான் நம்புவாள். ஆகவே நீ செய்ய வேண்டியது இரண்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து, 'பெண்' என்று நான் எழுதியது இயந்திரத்தை, உன் அக்காவை அல்ல என்று உன் வாயால் அவளிடம் சொல்லிவிட வேண்டும். சொன்ன கையோடு உன் டிராக்டர், டிரெய்லர், ஆண், பெண், எறும்பு, குளவி அனைத்தையும் கட்டி ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும். வேறு எவரிடமாவது விட்டுவை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களாகப் பார்த்து விடு, அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். இனி ஏதாவது எழுதுவதாக இருந்தால் எதைப் பற்றி எழுதுகிறாய் என்று முதல் வரியிலேயே தெளிவாக எழுதப் பழகு. உன் ஒரு சீட்டினால் முப்பத்தாறு வருடக் குடித்தனம் பாதியில் தூக்கின டிரெய்லராக நிற்கிறது.

உன் மனைவிக்கு என் அன்பு. புது வேலையில் மேலதிகாரிகளுக்கு எழுத்தில் எதுவும் கொடுத்துவிடாதே. கொடுப்பதற்கு முன் எனக்கு அனுப்பு. கோபத்தில் இரண்டு வார்த்தை கூடுதலாக இருந்தால் பொறுத்துக்கொள். நூறு வயது வாழ்ந்து, அதில் ஒரு நாளாவது சீக்கிரம் வந்து சேர் என்று வாழ்த்தும்,

உன் அத்தான்.

பின்குறிப்பு: கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு உறை வாங்கக் கடைக்குப் போய் வந்தேன். திரும்பி வந்தால் உன் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பதினொரு நாளுக்குப் பிறகு பேசினாள். "பேருந்துப் பணிமனைக்குப் பக்கத்து அறையில முப்பது வருஷம் உக்காந்திருந்தேன். காத்துக் குழாய் மாட்டற வாய்ல எது ஆண், எது பொண்ணுன்னு எனக்குத் தெரியாதா? பாத்த அன்னிக்கே தெரியும், அது டிராக்டர் சமாச்சாரம்னு." அப்புறம் ஏன் பேசவில்லை என்று கேட்டேன். "அவன் எழுதினது ஒழுங்காத்தான் இருந்துச்சு. நீங்கதான் வாக்கியத்தைத் திருத்தி, ஒவ்வொரு எழுத்தா அழகு பாத்து, என் சமையலறையில ஒட்டினீங்க. ரெண்டாம் தடவை செவப்பு மையில வேற திருத்தினீங்க. உங்க வீட்டுல அதைத் தினம் யார் படிப்பான்னு ஒரு தடவைகூட உங்களுக்குத் தோணலையே. அதுக்குத்தான்" என்றாள். முப்பத்து நான்கு வருடத்தில் என் கண்ணுக்குத் தப்பிய பிழைகள் சில உண்டு. இவ்வளவு பெரியது தப்பியதில்லை. மன்னித்துக்கொள் என்றேன். அவளிடம் சொன்னதையே உன்னிடமும் சொல்கிறேன், தப்பு உன் சீட்டில் இல்லை.

ஆகவே மேலே உள்ளவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வராதே. இனிமேல் உன் அக்கா சொல்லச் சொல்ல எழுதுவது: "தம்பி, டிராக்டர் இங்கயே இருக்கட்டும். பணிமனையில சொல்லி, சங்கிலி போட்ட அடைப்பான் நாலும் மூடி ரெண்டும் வரவழைச்சு நேத்தே மாட்டிட்டேன். அடுத்த எரு லோடுக்கு நானே கூடப் போறேன், ஸ்டார்ட்டிங் ஓட்டட்டும், நான் வழி சொல்றேன். குழாயைத் துடைச்சு, மாட்டி, கழட்டி, மூடி போடற வேலை மட்டும் தினம் உங்க அத்தானோடது. அந்த அரை மணி நேரமாவது இந்த வீட்டுல ஆண் வாய் மூடி இருக்கட்டும்." ஓர் எழுத்தையும் நான் திருத்தவில்லை.